மாலையில் ஓர் இழை

நுழையும்முன்

ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் பெற்றோர் அறியாத ஓர் உலகம் பிள்ளைகளுக்கு உண்டு. அவ்வுலகின் அடையாளமாக ஏதேனும் ஒரு சிறுபொருள் என்றேனும் ஒருநாள் பெற்றோரின் கண்ணில் படுகிறது. அதைக் கண்டதும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவ்வீட்டின் பேச்சும் மௌனமும் பின்னர் அமைகின்றன. திருவில்லிபுத்தூரில் ஒரு தந்தை மாலையில் கண்ட கூந்தல் இழையையும், முல்லை நிலத்தில் ஒரு தாய் மகளின் கூந்தலிலிருந்து விழக்கண்ட பூவையும் முன்வைத்து இதனை ஆராய்கிறது இக்கட்டுரை.

இரண்டு ஊர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில், அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இராசபாளையம் நூலின் ஊர். 1936ஆம் ஆண்டில் அங்கே நூற்பாலை நிறுவப்பட்டது. தொடர்ந்து ஆலைகள் பல பெருகின. பகலும் இரவும் முறைமாற்றி வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர் அவ்வூரில் உள்ளனர். திருவில்லிபுத்தூர் மாலையின் ஊர். தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இடம்பெற்ற பதினொரு நிலைக் கோபுரம் அங்குள்ள வடபத்திரசாயி கோயிலுக்கு உரியது. அதனை அடுத்து ஆண்டாள் கோயில் உள்ளது. இரண்டு கோயில்களுக்கும் இடையில் ஒரு நந்தவனம் இருக்கிறது. துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்த இடம் அதுவே என்பர்.

ஆண்டாள் கோயிலுக்குள் கிணறு ஒன்றும் உண்டு. அதற்குக் கண்ணாடிக் கிணறு என்று பெயர். கோயில்களில் தீர்த்தக் கிணறுகள் பல இருப்பினும், ஒரு பெண் தன் முகம் பார்த்ததால் பெயர்பெற்ற கிணறு அரிது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வீட்டின் கதை இருக்கிறது. அதனை நாம் பக்தியின் கதையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அது ஒரு தந்தையின் கதையும் ஆகும்.

பூக்குடலையில் கண்டது

பெரியாழ்வாரின் இயற்பெயர் விட்டுசித்தர். நந்தவனம் அமைத்துப் பூப்பறித்து மாலை தொடுத்து வடபத்திரசாயிக்கு அளிப்பதையே வாழ்வாகக் கொண்டவர். கண்டெடுத்த குழந்தைக்குக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். ஆய்வாளர் பலர் இவர்களது காலத்தைக் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் வைத்துக் கூறுவர்.

இறைவனுக்கெனத் தொடுத்த மாலையைப் பிறர் சூடுவது மட்டுமன்று, அதன் மணத்தை முகர்வதும் ஆகாது என்பது கோயில் வழக்கம். தந்தைக்கு அந்த வழக்கம் நன்கு தெரியும். அவர் அருகிலிருந்து பூத்தொடுக்கக் கற்ற மகளுக்கும் அது தெரியாதிருக்க முடியாது. ஆயினும் தந்தை வெளியே சென்றிருக்கும் வேளைகளில் கோதை அந்த மாலையை எடுத்துத் தான் சூடினாள். இறைவனுக்குத் தான் ஏற்றவளோ என்று கிணற்று நீரில் தன் அழகைப் பார்த்தாள். பின்னர்க் களைந்த மாலையை முன்போலவே பூக்குடலையில் வைத்தாள். இப்படிப் பல நாள்கள் கழிந்தன என்கிறது வழிவழிச் செய்தி.

இது வெளிப்பட்ட வகையைக் கதை சொல்வோர் இருவிதமாகக் கூறுவர். மகள் மாலை சூடி நிற்பதைத் தந்தை நேரில் கண்டார் என்பது ஒன்று. மாலையில் சிக்கியிருந்த கூந்தல் இழை ஒன்றைக் கண்டு திடுக்கிட்டார் என்பது மற்றொன்று. இரண்டாவது கூற்றே மக்கள் நினைவில் ஆழப் பதிந்திருக்கிறது. காரணம் எளிது. நேரில் கண்டவருக்கு ஐயம் எழுவதில்லை. ஓர் இழையை மட்டும் கண்டவரோ அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக இப்படி நடக்கிறது, தாம் இதுவரை அளித்த மாலைகளின் நிலை என்ன என்றெல்லாம் எண்ணி எண்ணிக் கலங்குகிறார். தம் கையால் தொடுத்த மாலையே அவருக்குப் பழக்கமில்லாத பொருளாகிவிடுகிறது.

அவர் சினந்தார், வருந்தினார். அந்த மாலையை அன்று இறைவனுக்கு அளிக்கவில்லை. அவரது சினத்தை நாம் எளிதில் குறைகூற இயலாது. மகள் செய்தது அவர் வாழ்நாள் முழுதும் காத்த நெறிக்கு மாறானது. அதைவிட, தமக்குத் தெரியாமல் தம் வீட்டிலேயே அது நிகழ்ந்தது என்பது அவரைச் சுட்டிருக்கும். பிள்ளையின் செயலைக் காட்டிலும் அது மறைக்கப்பட்டதே பெற்றோரை மிகுதியாக வருத்துகிறது.

தந்தை கண்ட கனவு

அன்றிரவு பெரியாழ்வாரின் கனவில் இறைவன் தோன்றி, கோதை சூடிய மாலையே தமக்கு உவப்பானது என்றும் இனி அதனையே கொண்டு வருக என்றும் கூறியதாக வரலாறு கூறுகிறது. அன்றுமுதல் அவள் சூடிக் கொடுத்த நாச்சியார் ஆனாள். குற்றத்தின் அடையாளமாகத் தோன்றிய அதே செயல் அவளது சிறப்புப் பெயராக நிலைத்தது.

இதனை அருளின் நிகழ்ச்சியாகக் கொள்வோர் அவ்வாறே கொள்க. ஒரு வீட்டின் நிகழ்ச்சியாகப் பார்த்தாலும் இதில் கற்பதற்கு உண்டு. பகலில் சினந்த தந்தை இரவில் அந்தச் செய்தியோடு தனித்திருந்தார். உடனே தண்டித்து முடித்துவிடவில்லை. தாம் அறிந்த நெறியே முழுமையானது என்ற எண்ணம் அந்த இரவில் அசைந்தது. விடிந்தபோது இழை மாறவில்லை, மாலை மாறவில்லை, மகளும் மாறவில்லை. தந்தையின் பார்வையே மாறியிருந்தது.

இத்தகைய பார்வை அவருக்கு முற்றிலும் புதியதும் அன்று. கண்ணனின் குழந்தைப் பருவத்தை யசோதையின் நிலையிலிருந்து பாடியவர் அவர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்திற்கு முன்னோடி என்று அவர் போற்றப்படுவது அதனால்தான். குழந்தையை நீராட்டி, பசுமஞ்சளால் நாவை வழிப்பதற்காக வாயைத் திறக்கச் செய்த தாய், அந்தச் சிறிய வாய்க்குள் ஏழுலகையும் கண்டாள் என்று அவர் பாடியுள்ளார். அன்றாடப் பணியைச் செய்யக் குனிந்த தாய்க்குத் தன் பிள்ளைக்குள் ஓர் உலகமே இருப்பது தெரியவருகிறது. அதைப் பாட்டில் சொன்ன தந்தைக்கே, தம் மகளுக்குள் இருந்த உலகத்தைக் காண ஓர் இழையும் ஓர் இரவும் வேண்டியிருந்தன.

> தெரிந்து தெளிவோம்
> ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருவில்லிபுத்தூரிலிருந்து வெளியூர்களுக்குச் செல்கிறது. புரட்டாசியில் திருமலைப் பிரம்மோற்சவத்திற்கும், சித்திரையில் வைகையாற்றில் இறங்கும் கள்ளழகருக்கும் அம்மாலை கொண்டு செல்லப்படுகிறது. ஆண்டாளின் கையில் விளங்கும் கிளி நாள்தோறும் இலைகளாலும் மலர்களாலும் புதிதாகச் செய்யப்படுவது. அதன் அலகு மாதுளம்பூவால் அமைவது.

ஒரு நூல், இரு பெயர்கள்

இந்தக் கதை தமிழோடு நின்றுவிடவில்லை. 1509 முதல் 1529 வரை ஆட்சிபுரிந்த விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இதனைத் தெலுங்கில் பெருங்காப்பியமாக இயற்றினார். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் தங்கியதாகவும், அங்கே திருமால் கனவில் தோன்றிப் பாடப் பணித்ததாகவும் நூலின் தொடக்கத்தில் அவர் கூறுகிறார். தெலுங்கின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

அக்காப்பியத்திற்கு ஆமுக்தமால்யதா என்று பெயர். அணிந்த மாலையை அளித்தவள் என்பது அதன் பொருள். அதற்கு விஷ்ணுசித்தீயம் என்ற மற்றொரு பெயரும் உண்டு. ஒரு பெயர் மகளின் செயலால் வந்தது. மற்றொன்று தந்தையின் பெயரால் வந்தது. மாலை சூடியவளுக்கும் அந்த மாலையைக் கண்டவருக்கும் இக்கதையில் சம உரிமை உண்டு என்பதை அவ்விரு பெயர்களும் உணர்த்துகின்றன.

இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களது முன்னோர் ஆந்திர நிலத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வாழும் அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதை இரு மொழிகளிலும் உரியது. மார்கழி விடியலில் அவர்களும் திருப்பாவையைத் தமிழிலேயே கேட்கின்றனர்.

கூந்தலிலிருந்து விழுந்த பூ

மாலையில் கூந்தல் இழையைக் கண்டார் ஒரு தந்தை. கூந்தலில் மாலையைக் கண்டாள் ஒரு தாய். அவள் கோதையின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவள், பெயர் இல்லாதவள். கலித்தொகையின் முல்லைக்கலியில், 115ஆம் பாடலில் அவள் வருகிறாள். பாடியவர் சோழன் நல்லுருத்திரன்.

ஆயர்குலப் பெண் ஒருத்தி தான் விரும்பிய ஆயமகன் சூடிவந்த முல்லைச் சரத்தையும் கண்ணியையும் தன் கூந்தலுக்குள் வைத்து முடிந்துகொண்டாள். பெண் பூச்சூடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பூ அவளுடையதன்று. அந்த வேறுபாட்டை மறைக்கவே கூந்தலை இறுக முடிந்தாள். தாயோ வழக்கம்போல் மகளின் கூந்தலை விரித்து வெண்ணெய் பூச முற்பட்டாள். வீட்டார் பார்த்திருக்க அந்தப் பூ தாயின்முன் விழுந்தது.

அப்போது தாய் என்ன செய்தாள் என்பதே இப்பாடலின் உயிர்ப்பகுதி. அவள் எதுவும் கேட்கவில்லை. சினக்கவும் இல்லை. தீயில் கைபட்டவரைப் போல நடுங்கிக் கையை உதறிக்கொண்டு வீட்டின் புறத்தே சென்றுவிட்டாள்.

மகளுக்கு அந்த மௌனம் எதைச் சொன்னது? கேட்டிருந்தால் விடை சொல்லியிருப்பாள். சினந்திருந்தால் அழுதிருப்பாள். இரண்டும் இல்லாதபோது என்ன செய்வதென்று அவளுக்கு விளங்கவில்லை. விரித்த கூந்தலை முடியாமல், நிலத்தில் புரளும் நீல ஆடையைப் பற்றிக்கொண்டு, அருகிலிருந்த காட்டுக்குள் ஓடி ஒளிந்தாள். நடந்ததை அவள் தன் தோழியிடம் சொல்வதாகவே பாடல் அமைந்துள்ளது.

தோழியின் மறுமொழி நாம் எதிர்பாராதது. அஞ்சாதே என்கிறாள் அவள். நீ அவன் கண்ணியைச் சூடினாய் என்றால், நம்மவர் உன்னை அவனுக்கே தருவதென்று கூடி முடிவு செய்துவிட்டனர். முற்றத்தில் மணல் பரப்பித் திருமணத்திற்கு ஏற்பாடு நடக்கிறது என்று ஆற்றுகிறாள்.

தாயின் மௌனம் வெறுப்பினால் வந்ததன்று என்பதை நாம் அறிந்துகொள்கிறோம். ஆனால் மகள் அதனை அறிந்தது எப்போது? காட்டுக்குள் ஒளிந்து, அஞ்சி, தோழி வந்து சொன்ன பின்னரே அறிந்தாள். இப்பாடல் மகிழ்ச்சியில் முடிகிறது. இடையில் ஒரு தோழி இருந்ததால் முடிகிறது. அப்படியொருத்தி இல்லாத பெண்ணுக்கு அந்தக் காட்டிலிருந்து வீடு திரும்பும் வழி யார் காட்டுவார்?

> தெரிந்து தெளிவோம்
> மலர்களைத் தொடுக்கும் முறைக்கும் அணியும் இடத்திற்கும் ஏற்பத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கண்ணி என்பது இரண்டிரண்டு பூக்களாக இடைவிட்டுத் தொடுத்துத் தலையில் சூடுவது. தார் என்பது மார்பில் அணிவது. தெரியல், தொடையல், பிணையல், கோதை என்பனவும் மாலையைக் குறிக்கும் சொற்களே. பெரியாழ்வார் தம் மகளுக்கு இட்ட பெயரும் மாலையின் பெயரே.

தோழிக்குச் சொன்னதும் தந்தை பெயரைச் சேர்த்ததும்

அகஇலக்கியத்தில் மகளின் உள்ளத்தை முதலில் அறிபவள் தோழியே. அவள் வழியாகச் செவிலிக்கும், செவிலி வழியாக நற்றாய்க்கும், பின்னர்த் தந்தைக்கும் செய்தி சென்றடையும். இதனை அறத்தொடு நிற்றல் என்பர். பெற்றோர் கடைசியில் அறிவது அவர்களுக்கு இழுக்காகக் கருதப்படவில்லை. வளரும் பிள்ளையின் இயல்பாகவே கொள்ளப்பட்டது.

ஆண்டாளும் இம்மரபில் வந்தவளே. நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியில் தன் திருமணக் கனவை அவள் தோழியிடமே சொல்கிறாள். பத்தாம் திருமொழியை முடிக்கும்போது, வில்லிபுத்தூரின் விட்டுசித்தர் தம் தெய்வத்தைத் தம் வல்லமையால் வரவழைத்தால் அதனையும் காண்போம் என்கிறாள். தன்னால் ஆகாதது தந்தையால் ஆகலாம் என்ற நம்பிக்கையும், அவரோடு உரிமையுடன் பேசும் மகளின் குரலும் அதில் ஒலிக்கின்றன. அடுத்த திருமொழியின் இறுதியிலோ, அரங்கன் உரைத்த மெய்ம்மொழியைக் கேட்டிருப்பவர் என்று தந்தையைக் குறிப்பிடுகிறாள்.

பதிகங்களை நிறைவு செய்யும் பாடல்களில் பட்டர்பிரானின் மகள், விட்டுசித்தரின் மகள் என்று தந்தையின் பெயரோடு இணைத்தே தன் பெயரைப் பதிக்கிறாள். தந்தையிடம் மறைத்து மாலை சூடியவள் தந்தையின் பெயரை மறைக்கவில்லை. பிள்ளை எதையோ தனக்கென வைத்துக்கொள்வது பெற்றோரை விலக்குவதற்காகத்தான் என்று முடிவுகட்டுவது எத்துணைத் தவறு என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திறந்து பார்க்காத தந்தை

கடல் கடந்த நாடொன்றிலும் இத்தகைய தந்தை ஒருவரைக் காண்கிறோம். 1942ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமிக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள் பரிசாக ஒரு நாட்குறிப்பு கிடைத்தது. சில வாரங்களில் நாசிகளுக்கு அஞ்சி அக்குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் மறைந்து வாழத் தொடங்கியது. எட்டுப்பேர் ஒடுங்கியிருந்த அவ்விடத்தில் தனியறைக்கு வழியில்லை. ஆனுக்குத் தனியிடமாக இருந்தது அந்த நாட்குறிப்பு ஒன்றே. தந்தை ஓட்டோ பிராங்க் அது இருப்பதை அறிவார். ஆயினும் அதனைப் படிக்கவில்லை.

1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று அவர்கள் பிடிபட்டனர். 1945இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தாள். அக்குடும்பத்தில் உயிரோடு மீண்டவர் தந்தை மட்டுமே. அவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ் என்னும் பெண்மணி சிதறிக்கிடந்த தாள்களைத் திரட்டிப் படிக்காமல் வைத்திருந்து தந்தையிடம் ஒப்படைத்தார். அதனைப் படித்தபோது, தம்முடன் நெருங்கிப் பழகிய மகளுக்குள் இத்துணை ஆழ்ந்த எண்ணங்கள் இருந்ததைத் தாம் அறிந்திருக்கவில்லை என ஓட்டோ பிராங்க் உணர்ந்தார். பெற்றோர் பெரும்பாலோர் தம் பிள்ளைகளை உண்மையில் அறிவதில்லை என்பதே பிற்காலத்தில் அவர் கூறிய முடிவு. 1947ஆம் ஆண்டு அந்த நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது.

அவர் படிக்காமல் இருந்தது பிழையன்று. அது மகளுக்கு அவர் அளித்த மதிப்பு. பிள்ளையைப் பற்றி எல்லாவற்றையும் அறிந்துவிட வேண்டும் என்பதன்று பெற்றோரின் கடமை; தாம் அறியாதவை உண்டு என்பதை மறவாதிருப்பதே முதற்கடமை என்பதை அவரது வாழ்க்கை உணர்த்துகிறது.

> தெரிந்து தெளிவோம்
> 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட சிறார் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தம்மைப் பற்றிய செய்திகளில் கருத்துக் கூறும் உரிமை சிறார்க்கு உண்டு என்கிறது. 16ஆம் உறுப்பு, அவர்களது தனிவாழ்வில் முறையின்றித் தலையிடுவதைத் தடுக்கிறது. 1992ஆம் ஆண்டு இந்தியா இவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

பொருளும் அதன் பொருளும்

இனி நம் காலத்திற்கு வருவோம். இராசபாளையத்து நூற்பாலையில் இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்புகிறாள் ஒரு தாய் என்று கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவன் படுத்தெழுந்த பாயைச் சுருட்டும்போது புத்தகங்களுக்கு இடையிலிருந்து ஒரு பொருள் நழுவி விழுகிறது. அது யாரோ தந்த வாழ்த்து மடலாக இருக்கலாம். அவன் வாங்கியிருக்க முடியாத விலையுயர்ந்த கைப்பேசியாக இருக்கலாம். பெயர் தெரியாத மாத்திரை அட்டையாகவும் இருக்கலாம். மாலை வரை அவளுக்கு உறக்கம் வராது.

அவள்முன் மூன்று வழிகள் உள்ளன. பெரியாழ்வாரைப் போலச் சினக்கலாம். முல்லைக்கலித் தாயைப் போல எதுவும் பேசாமல் புறத்தே போய்விடலாம். மகன் வந்ததும் அருகில் அமர்த்தி, இது என்ன என்று கேட்கலாம். சங்கப் பாடலின் தாய் செய்யாமல் விட்ட இரண்டனுள் சினவாமல் இருந்தது நன்று. கேளாமல் இருந்ததுதான் மகளைக் காட்டுக்குள் ஓடச் செய்தது.

தமிழில் பொருள் என்னும் சொல் கையில் எடுக்கும் பண்டத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். பெற்றோர் கையில் கிடைப்பது முதலாவது மட்டுமே. இரண்டாவது பிள்ளையிடம் இருக்கிறது. அதைப் பிள்ளையின் வாய்வழியாகப் பெறாமல் தாமே கற்பித்துக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது. கூந்தல் இழை ஒன்றுதான். மாலையின் தூய்மை கெட்டது என்பது தந்தை அதற்குக் கண்ட பொருள். இறைவன்பால் கொண்ட அன்பு என்பது மகள் அறிந்த பொருள்.

கேட்பது என்றால் எல்லாவற்றையும் ஏற்பது என்று கொள்ளலாகாது. கண்டெடுத்த பொருள் உடலுக்கோ உயிருக்கோ தீங்கு தருவதாயின் அதைத் தடுக்கவேண்டியது பெற்றோரின் கடமை. அங்கே மரியாதை என்னும் பெயரால் விலகி நிற்பது புறக்கணிப்பாகும். ஆயினும் தடுப்பதற்கும் முன்னால் கேட்கத்தான் வேண்டும். கேட்டறியாமல் பிடுங்கப்பட்ட பொருள் அடுத்த முறை இன்னும் ஆழமான இடத்தில் ஒளித்து வைக்கப்படும்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கேட்கும் பெற்றோருக்குச் சொல்லும் துணிவு வேண்டும். தாமாகச் சொல்ல நாணினால், முல்லைக்கலியின் தோழியைப் போல நம்பத்தக்க ஒருவரை, அவர் உடன்பிறந்தவராயினும் ஆசிரியராயினும், இடையில் நிறுத்தலாம். காட்டுக்குள் ஒளிந்தவளை வீட்டிற்கு மீட்டது அத்தகைய சொல்தான்.

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஆண்டுதோறும் ஓடுகிறது. வடம் பிடிப்போருள் தாயும் தந்தையும் உண்டு, பிள்ளைகளும் உண்டு. சூடிக் களைந்த மாலையை அவ்வூர் இன்று எவ்விடத்தும் மறைப்பதில்லை. பெருமையோடு எடுத்துச் செல்கிறது. ஒருகாலத்தில் ஒரு தந்தையைத் திடுக்கிடச் செய்த மாலை அது. அதனைக் கண்ட கலக்கத்தோடு அவர் தம் மகளை விலக்கியிருந்தால், நமக்குத் திருப்பாவை கிடைத்திருக்குமோ என்னவோ, அவருக்கு மகள் கிடைத்திருக்கமாட்டாள்.

நூல்வெளி

கலித்தொகை எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று, கலிப்பாவால் அமைந்தது, கடவுள் வாழ்த்து உட்பட 150 பாடல்களைக் கொண்டது. இதன் முல்லைக்கலி 17 பாடல்களை உடையது. 1887ஆம் ஆண்டு சி.வை. தாமோதரனார் இந்நூலைப் பதிப்பித்தார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் பெரியாழ்வார் பாடியவை திருப்பல்லாண்டு, பெரியாழ்வார் திருமொழி ஆகியன. மொத்தம் 473 பாடல்கள். ஆண்டாள் பாடியவை 30 பாடல்கள் கொண்ட திருப்பாவையும், 143 பாடல்கள் கொண்ட நாச்சியார் திருமொழியும் ஆகும்.

சொல்லும் பொருளும்

பூக்குடலை – பூ வைக்கும் ஓலைக்கூடை
கண்ணி – தலையில் சூடும் மாலை
செவிலி – வளர்ப்புத் தாய்
நற்றாய் – ஈன்ற தாய்
உவப்பு – மகிழ்ச்சி

இலக்கணக் குறிப்பு

தாயும் தந்தையும் – எண்ணும்மை
எண்ணி எண்ணி – அடுக்குத்தொடர்
சினவாமல் – எதிர்மறை வினையெச்சம்
அறியாத (உலகம்) – எதிர்மறைப் பெயரெச்சம்
சிறுபொருள் – பண்புத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

களைந்த = களை + த்(ந்) + த் + அ
களை – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி

கற்பவை கற்றபின்

1. பிள்ளையின் மேசையில் பழக்கமில்லாத பொருளைக் கண்ட பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.
2. உங்கள் ஊரில் மாலைகளுக்கும் பூச்சரங்களுக்கும் வழங்கும் பெயர்களைத் திரட்டித் தொகுப்பு உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. விஷ்ணுசித்தீயம் என்னும் மற்றொரு பெயரை உடைய நூல்
அ) கலித்தொகை ஆ) நாச்சியார் திருமொழி இ) ஆமுக்தமால்யதா ஈ) திருப்பல்லாண்டு

2. முல்லைக்கலியைப் பாடியவர்
அ) கபிலர் ஆ) சோழன் நல்லுருத்திரன் இ) பெரியாழ்வார் ஈ) கிருஷ்ணதேவராயர்

குறுவினா

1. கண்ணாடிக் கிணறு பெயர்பெற்ற காரணம் யாது?
2. அறத்தொடு நிற்றல் – விளக்குக.

சிறுவினா

1. முல்லைக்கலித் தாயின் மௌனம் மகளை எவ்வாறு தாக்கியது?
2. பொருள் என்னும் சொல்லின் இருபொருளைக் கட்டுரையாசிரியர் எங்ஙனம் பயன்படுத்துகிறார்?

நெடுவினா

பெரியாழ்வார், முல்லைக்கலித் தாய், ஓட்டோ பிராங்க் ஆகிய மூவரின் செயல்களை ஒப்பிட்டு, பெற்றோர் பிள்ளைகள் உறவு குறித்த உம் கருத்தைத் தொகுத்து எழுதுக.